கேட்க ஆளில்லாத குறி

சென்ற ஆண்டு மெல்பேர்ணில் உள்ள சிறு மென்பொருள் குழு ஒன்றுக்காகக் குறி சொல்லும் செயலி ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். கூலியும் வாங்கினேன். ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் குற்றவாளி நான்தான்.

திரையில் ஒரு சுளகு. விரலால் தடவினால் நெல் பரவும். மனத்தில் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு, விரும்பினால் அதை எழுதியும் வைத்துவிட்டுத் தட்டினால், நெல்மணிகள் நான்கு நான்காக ஒதுங்கும். மீதியைப் பொறுத்து ஒரு வாசகம் வரும். அடியில் சிறிய எழுத்தில், ‘இது எதிர்காலம் சொல்லாது, சுயசிந்தனைக்கு மட்டும்’ என்றிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் டாரோட் சீட்டை வைத்துவிட்டுத் தங்கள் அம்மம்மாக்களின் சுளகுக்குத் திரும்புவார்கள் என்பது குழுவின் நம்பிக்கை. எனக்கும் அது பிடித்திருந்தது.

முதலில் சோதித்துப் பார்த்தவர் என் அம்மா. சிட்னியில், டூங்காபி வீட்டுக் குசினியில் வைத்துக் கைபேசியைக் கொடுத்தேன். சுளகைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “மனே, இதில மாமாவைக் கேக்கலாமா?” என்றார்.

மாமா 1990இல் மட்டக்களப்பில் சைக்கிளில் வெளியே போனவர். திரும்பவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அம்மா தட்டிவிட்டார். ‘விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது’ என்று வந்தது. அந்த வாசகத்தை எழுதியவன் நான். அம்மா மறுபடி தட்டினார். வேறொரு வாசகம். மறுபடியும் தட்டினார். ஒன்பதாவது முறைக்குப் பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி கழுவப் போனார்.

நெல்லுக்கு ஏதாவது தெரியும் என்று நான் நம்பவில்லை. என் சண்டை மூடநம்பிக்கையோடு அல்ல. அதைப் பகுத்தறிவாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் சண்டை ‘சுயசிந்தனை’ என்ற அந்தச் சொல்லோடு. நம் மரபில் குறி கேட்கும் இடத்தில் பெரும்பாலும் மூன்று பேர் இருக்கிறார்கள்: கேட்பவர், சொல்பவர், பக்கத்தில் இருந்து காதில் வாங்குபவர். நாங்கள் இருவரைக் கழித்துவிட்டு, மிஞ்சிய ஒருவரின் தனிமைக்குச் ‘சுயசிந்தனை’ என்று பெயர் வைத்தோம்.

செயலியின் கணக்கை நான் சங்க இலக்கிய உரைகளிலிருந்துதான் எடுத்தேன். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பி நான்கு நான்காக எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று மிஞ்சினால் பெண்ணின் நோய் முருகனால் வந்தது, நான்கானால் வேறு நோய். நான்கில் மூன்று தடவை முருகன்தான். நாலு வரி நிரலில் எழுதிவிடலாம், எழுதினேன். ஆனால் அந்தச் சுளகைச் சுற்றி யார் நின்றார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில், ஔவையாரின் தோழி கட்டுவிச்சியிடம் நெல் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அவனுடைய மலையைப் பற்றிப் பாடினாயே, அதை இன்னொரு தடவை பாடு என்கிறாள். பக்கத்தில் தாய் இருக்கிறாள். மகளால் வாய்விட்டுச் சொல்ல முடியாத காதல் அந்த ஒரு வேண்டுகோளில் தாயின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. குறி அங்கே ஒரு சாக்கு. ஒரு வீட்டில் பேச முடியாததைப் பேச வைக்கும் சாக்கு.

முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி, ஊருக்கு வெளியே விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். ஓர் இடைப்பெண், கட்டி வைத்த கன்றுக்கு உன் தாய்மார் வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்று அதையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வந்து தலைவிக்குச் சொல்கிறார்கள். அவளுக்காகக் கால் கடுக்க நின்றவர்கள் அவர்கள். எந்தச் செயலியில் இந்த நிற்றலை வைப்பது?

இது பழங்கதை மட்டுமல்ல. கிழக்கில் போர் நடந்த காலத்தில், மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் காணாமற்போனவர்களின் குடும்பங்கள் வாக்குக் கேட்கப் போனதை மானுடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியே எதையும் பேசப் பயந்த காலத்தில், இழப்பை வாய்விட்டுச் சொல்ல அந்தக் கோயில்கள் இடம் கொடுத்தன.

என் அம்மாவும் போனவர். கைபேசியைக் கவிழ்த்து வைத்த அன்றிரவு சாப்பிடும்போதுதான் அதை எனக்குச் சொன்னார். தெய்வம் ஆடியவர் மாமா உயிரோடு இருக்கிறார் என்றாராம். அந்த வாக்கு இன்றுவரை பலிக்கவில்லை. ஆனால் சொல்லும்போது அவர் அம்மாவின் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். சுற்றி நின்ற பெண்களும் தங்கள் ஆட்களைத் தேடி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் அம்மாவை வீடுவரை கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். அந்த வாக்கு ஒரு பொய்யாகவே இருக்கட்டும். என் வாசகமும் பொய்தான். அதற்கு அழ ஆள் இல்லை, வீடுவரை நடக்கக் காலும் இல்லை.

இந்த வணிகம் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1948இல் பேர்ட்ரம் ஃபோறர் என்ற அமெரிக்க உளவியலாளர், 39 மாணவர்களுக்கு ஆளுக்கொரு குணவிளக்கம் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. வாசகம் எழுதும் எங்களுக்கு இது பாலபாடம். அடுத்த பாடம் மறுபடி தட்டும் பொத்தான். நாட்டின் போக்கி மெஷின்களில் ஏறத்தாழப் பாதி நியூ சவுத் வேல்ஸில் இருக்கின்றன. அவற்றின் உள்ளே ஓடுவதும் ஒரு குருட்டு எண், எங்கள் சுளகில் ஓடுவதும் ஒரு குருட்டு எண். அம்மா ஒன்பது முறை தட்டியது குழுவின் கணக்கில் நல்ல செய்தியாகப் பதிவானது.

விக்டோரியாவில் குறி சொல்வதாகப் பாசாங்கு செய்வது 2005 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. தெருவில் கைரேகை பார்த்தவருக்கு அந்தப் பயம் இருந்தது. எங்களுக்கு ‘சுயசிந்தனைக்கு மட்டும்’ என்ற ஒரு வரி போதும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத கேள்வியோடு ஒரு பிள்ளை அறைக்குள் இருக்கிறாள். சொந்தக்காரர் காதில் விழுந்தால் ஊர் முழுக்கப் போய்விடும். அவளுக்குத் தனிமைதானே காவல் என்று குழுவில் இளையவர் ஒருவர் கேட்டார். நம் சமூகத்தின் வாயை அறிந்தவன் என்பதால் என்னால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தனிமையும் அவளுக்கு இல்லை. அவள் எழுதும் கேள்வி எங்கள் சேவையகத்தில் போய் உட்கார்கிறது. ஆண்டுக்கு 30 லட்சம் டொலர் வரை மட்டுமே புரளும் சிறு நிறுவனங்களை அவுஸ்திரேலியாவின் 1988ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. தாயிடம் மறைத்ததை அவள் முகம் தெரியாத வணிகரிடம் சொல்லியிருக்கிறாள். குறுந்தொகைப் பெண்ணுக்கும் இதே சிக்கல்தான். அவளுக்கு ஒரு தோழி இருந்தாள்.

ஆகவே, இதைச் செய்துதான் தீருவோம் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. கேள்வியைச் சேமிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நெல் பரவட்டும். கேட்பவர் தானே தேர்ந்த இன்னொருவர், தோழியோ அண்ணனோ, தன் கைபேசியில் ‘இருக்கிறேன்’ என்று தொடாமல் சுளகு திறக்கக் கூடாது. வாசகத்தை அவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். காணாமற்போனவரைப் பற்றிக் கேட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் நேர்மை அதற்கு வேண்டும்.

இவற்றைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது ஆளைக் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பாதிப் பேருக்கு அழைக்க ஒருவர்கூட இல்லை என்றால், நாம் கவலைப்பட வேண்டியது செயலியைப் பற்றி அல்ல. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கும் வசதி எனக்கு இல்லை. நான் எழுதிய வாசகங்களை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா மாமாவைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக நான் அவரிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.