பேயை நம்பாதவர் பேயான கதை

இடி இடித்தால் நம்மூர்ப் பாட்டிகள் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்பார்கள். ஜப்பானில் ‘குவாபாரா, குவாபாரா’. குவாபாரா என்பது 9ஆம் நூற்றாண்டு அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானேயின் நிலமாம். இடியாகத் திரியும் அவர் ஆவி, சொந்த மண்ணில் மட்டும் விழாது என்று அந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் உண்டு.

அதே மிச்சிசானேயை, பேய் என்றாலே உதட்டைப் பிதுக்கும் இளைஞனாக்கி, மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை ஒன்றில் துப்பறிய விட்டிருக்கிறார் ஹைபாரா யாகு. 2013இல் தொடங்கிய அந்த மாங்காவின் பெயர் ‘ஓதென் நோ மோன்’, அதாவது ஓதென் வாசல். களம், இன்றைய கியோத்தோவான அன்றைய தலைநகர். பையனுக்குப் புத்தகம் போதும். வெளியே இழுத்து வருபவர் அவனைவிட 20 வயது மூத்த அரிவாரா நோ நரிஹிரா. கவிஞர், காவல் அதிகாரி, பெண்கள் விஷயத்தில் ஊரறிந்த மன்மதன். இருவருமே வரலாற்று மனிதர்கள்தான். தோக்கியோ பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஹோங்கோ கசுதோ மேற்பார்வை பார்ப்பதால், கற்பனை ரொம்பவும் கட்டவிழ்ந்து ஓடுவதில்லை.

அன்றைய அரசில் சோதிடம் பார்க்கவும் சகுனம் குறிக்கவும் தனித் துறையே இருந்தது. ஆகாத திசை என்றால் அதிகாரி சுற்றிப் போவார்; ஆகாத நாள் என்றால் வீட்டைவிட்டே கிளம்பமாட்டார். இப்படிப்பட்ட ஊரில் ஒருவரை ஒழித்துக்கட்டக் கத்தி எதற்கு? ‘அங்கே பூதம் நடமாடுகிறது’ என்று கிளப்பிவிட்டால் போதும். பூதத்தின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஆசையோ அரசியலோ நிற்கிறது. இந்த மாங்காவின் ருசியே அதுதான்.

மாங்காவின் தலைப்பிலுள்ள ஓதென் வாசல் 866இல் உண்மையிலேயே எரிந்தது. தோமோ நோ யோஷியோ என்ற அமைச்சர், எரித்தவர் ‘இடது அமைச்சர்’ பதவியில் இருந்தவர்தான் என்று கைகாட்டினார். கடைசியில் அவரே குற்றவாளியாகி நாடுகடத்தப்பட்டார். 12ஆம் நூற்றாண்டுப் படச்சுருள் ஒன்று இந்தக் கதையைச் சொல்கிறது. அதில் ஒரு காட்சி: இரண்டு சிறுவர்கள் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். ஒருவனின் அப்பா ஓடி வருகிறார், மற்றவனை எட்டி உதைக்கிறார். அம்மா தன் பிள்ளையை வீட்டுக்கு இழுத்துப் போகிறாள். எல்லாம் ஒரே இடத்தில், நடுவே கோடுகூட இல்லாமல். மாங்காவுக்கு எட்டு நூற்றாண்டு முந்தைய மாங்கா! உதைத்தவர் யோஷியோவின் ஆள். அடிபட்ட பிள்ளையின் அப்பா ஆத்திரத்தில் வாயைவிட, தீயின் ரகசியம் தெருவுக்கு வந்தது என்கிறது சுருள். யோஷியோதான் வைத்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் சந்தேகம். லாபம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை: அதே ஆண்டு ஃபுஜிவாரா நோ யோஷிஃபுசா அரசப் பிரதிநிதியானார்.

பிறகு மிச்சிசானே படிப்பாலேயே அமைச்சர் பதவிவரை உயர்ந்தார். ஃபுஜிவாரா குலத்தினருக்குப் பொறுக்கவில்லை. 901இல் மேற்கே தசைஃபுவுக்குத் தூக்கியடிக்கப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். 909இல் அந்தக் குலத்தைச் சேர்ந்த அவருடைய எதிரி தோக்கிஹிரா நாற்பதை எட்டாமலேயே செத்தார். 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்து ஆள்கள் மாண்டார்கள். எல்லாம் மிச்சிசானேயின் ஆவி வேலை என்று ஊர் நடுங்கியது. வதந்தியை உடைக்க அப்போது அவர் உயிரோடு இல்லை. முன்கூட்டியே தெரிந்த இந்த முடிவுதான், பையன் பேயை மறுத்துப் பேசும் ஒவ்வொரு பக்கத்தையும் கனக்க வைக்கிறது.

ஆவியைத் தணிக்க 947இல் எழுப்பிய கித்தானோ தென்மங்கு கோயில் கியோத்தோவில் இருக்கிறது. ஊர் நடுங்கிய ஆவி இன்று படிப்பின் தெய்வம்; தேர்வு நெருங்கினால் மாணவர்கள் அங்கே மரப்பலகையில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுகிறார்கள்.