அருவிக்கடியில் ஒரு கூச்சல்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கத்து நண்பர்களை நச்சரிக்கத் தொடங்கிவிடுவேன். "சாரல் அடிக்குது, தண்ணி நல்லா விழுது, வாங்க" என்று பதில் வந்தால் போதும், பாதிக் குளியல் முடிந்த மாதிரி ஒரு குஷி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலை தாண்டி அனுப்பும் மிச்சம்தான் குற்றாலச் சாரல். மிச்சத்துக்கே இந்த ஆட்டம்.

பேரருவி வரிசையில் இடுப்புத் துண்டோடு நிற்கும் பெரியவர் வயதுக்குரிய மிடுக்கோடுதான் இருப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே கொடுத்ததும் "ஹோ…" என்று ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள்! பக்கத்தில் நிற்கும் பொடியனும் அதே சுதியில் கத்துவான். குளிர்ந்த நீர் திடீரென்று மேலே பட்டால் மூச்சு தானாக உள்ளிழுக்கும், நெஞ்சு படபடக்கும். உடம்பின் அனிச்சைச் செயல் என்கிறது மருத்துவம். மூச்சுக்குச் சரி. கூச்சலுக்கு?

என் கணக்கு வேறு. அந்த இரைச்சலில் நாம் கத்துவது யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான். "ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழணும்" என்று அதட்டி வளர்க்கப்பட்ட கூட்டம் நாம். வாய்விட்டுக் குதூகலிக்க நமக்கு ஒரு மறைப்பு வேண்டியிருக்கிறது. பெண்கள் பக்கத்திலிருந்து வரும் சத்தம் இன்னும் பலம். வருஷம் முழுக்க "சத்தம் போடாதே" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே.

சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து சிற்றாறு நேரே மண்டையில் இறங்கினால் கத்துவதற்கு ஆள் மிஞ்சமாட்டார். இடையில் பாறைக்குள் கிடக்கும் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு, பொங்கி வழிவதைத்தான் நமக்குத் தருகிறது. அதுவே முதுகில் தொம் தொம்மென்று மொத்தும். வலிக்கத்தான் செய்கிறது; நகர மனம் வருவதில்லை. ஐந்தருவியில் தண்ணீர் பிரிந்து விழுவதால் கூச்சலும் ஒரு மாற்றுக் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஐந்தருவிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டுவார். அந்தப் பெரியவரும் பற்கள் தந்தியடிக்க வருவார். வீட்டம்மா துவட்டிக்கொள்ளத் துண்டை நீட்டுவார்.

"இரு, இன்னொரு தடவ போயிட்டு வந்துருதேன்" என்று வரிசையின் வாலைப் பார்த்து ஓடுவார் மனிதர்.