மெட்டு பழசு... சொல் புதுசு!



முளைப்பாரித் திருவிழாவில் கும்மி கொட்டும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடுவில் மழை வந்தால், மழையும் பாட்டுக்குள் வந்துவிடும்!

நானோ வகுப்பில் மனப்பாடம் மட்டுமே சொல்லித் தந்தேன். வண்டியூர் மாணவி ஒருத்தி தாலாட்டில் தன் தம்பி பெயரைச் சேர்த்துப் பாடினாள். "உள்ளபடி பாடு" என்று அதட்டினேன். அதன்பின் அவள் பாடவே இல்லை. தவறு என்னுடையது. தாலாட்டே அப்படிப் பிறந்ததுதானே!

சைப்ரஸ் தீவில் இரண்டு பாடகர்கள், அந்த நொடியில் பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவர். 'சியாட்டிஸ்டா' என்ற அந்தக் கலையை 2011ல் யுனெஸ்கோ, மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. நம் தஞ்சைப் பக்கத்து லாவணியிலும், 'மன்மதன் எரிந்தானா, இல்லையா' என இரு கட்சிகள் பாட்டாலேயே வாதாடும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். 2018ல் பத்மஸ்ரீ பெற்றார். திரட்டிய பாட்டு ஏட்டில் இருக்கும். பாட்டுக் கட்டும் பழக்கமோ, பாடினால்தான் இருக்கும்.

ஆசிரியர்களே, மெட்டைக் கொடுங்கள். ஓர் அடியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். குழந்தைகளே, இன்றே பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். உங்கள் அடி ஒன்றைச் சேர்த்துப் பாடுங்கள். தப்பு வந்தால் சிரியுங்கள்; பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்!