கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கே... டைவ் கம்ப்யூட்டர் எதுக்கு?

அந்தமானில் ஒரு முறை ஸ்கூபா போய் வந்தவர்களைக் கடல் சும்மா விடாது. அடுத்து, ஓப்பன் வாட்டர் கோர்ஸ். அதற்கடுத்து, ஆன்லைனில் டைவ் கம்ப்யூட்டர் தேடல். விலையைப் பார்த்ததும், "நம்ம வாட்ச்சே 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்தானே!" என்று தோன்றும்.

அந்த 50 மீட்டர் முத்திரை நீச்சலுக்குத்தான். சாதாரண ஸ்மார்ட்வாட்ச், உங்கள் உடலில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிடாது. டைவ் கம்ப்யூட்டரின் முக்கிய வேலையே அதுதான்.

அப்படி என்ன கணக்கு?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டரில், கரையில் இருப்பதைவிட 3 மடங்கு அழுத்தம். அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். வேகமாக மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவதுபோல அது குமிழ்களாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும்.

இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று டைவ் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி காட்டும். இதுதான் 'நோ டெகோ டைம்'. வேகமாக ஏறினால் எச்சரிக்கும். கடைசியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கவும் நினைவூட்டும்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

* திரை: ஆழம், நோ டெகோ டைம் இரண்டும் பெரிய எழுத்தில், ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கலங்கிய நீரில் இதன் அருமை புரியும்.

* நைட்ராக்ஸ்: ஆக்ஸிஜன் அதிகமுள்ள இந்தக் காற்றுக் கலவைக்கான செட்டிங் இருந்தால், பின்னாளில் வேறு வாங்க வேண்டாம்.

* பேட்டரி: நாமே மாற்றலாமா, சார்ஜ் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். தீவில் சர்வீஸ் சென்டர் தேட முடியாது.

* ஏர் இன்டெக்ரேஷன்: சிலிண்டரில் மீதமுள்ள காற்றை மணிக்கட்டிலேயே காட்டும். வசதிதான், ஆனால் விலை ஏறும். புதியவர்களுக்கு சாதாரண பிரஷர் கேஜ் போதும்.

* டைவ் ஸ்மார்ட்வாட்ச்: 2022-ல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா, ஓஷனிக் ப்ளஸ் ஆப் மூலம் 40 மீட்டர் வரை டைவ் கம்ப்யூட்டராக இயங்கும். கார்மினிலும் டைவிங்குக்கென்றே மாடல்கள் உண்டு.

ஜோடிக்கு ஒன்று போதாது!

கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒன்று வாங்கலாமா? கூடாது. ஒருவர் மீனைத் துரத்தி 3 மீட்டர் கூடுதலாக இறங்கினாலே கணக்கு மாறிவிடும். காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர் கட்டிக்கொள்வதும் ஆபத்து. காலை டைவின் மிச்ச நைட்ரஜன், போனவர் உடலில்தான் இருக்கும். இருவர் கம்ப்யூட்டரும் வெவ்வேறு நிமிடம் காட்டினால், குறைவாகக் காட்டுவதைப் பின்பற்றுங்கள்.

ஃப்ளைட் ஏறும் முன்...

ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரத்தையும் கம்ப்யூட்டர் காட்டும். கடைசி நாள் டைவ், அன்றே போர்ட் பிளேரில் ஃப்ளைட் என்று டிக்கெட் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன், டைவ் சென்டரில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பழகிப் பாருங்கள். இன்னொன்று... உங்கள் தூக்கமின்மையோ, உடலில் நீர் குறைந்திருப்பதோ அதற்குத் தெரியாது. திரையில் பூஜ்யம் வரும்வரை காத்திருக்காமல், சில நிமிடங்கள் மிச்சம் வைத்தே மேலே வாருங்கள்!