பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்டுகிறார்கள்!

தொப்பூர்க் கணவாய்ச் சாலையில் எந்தப் பெட்டிக் கடையையும் பாருங்கள். மிட்டாய், சாக்லேட், பபிள்கம் எல்லாம் குழந்தையின் கண்ணுக்கு நேரே இருக்கும். கூலிக்குப் போகும் தாய் அழுகிற பிள்ளைக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். பல் சொத்தையாகிறது. இப்போது அவளுக்கு ஒரு புது உபதேசம்: சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கிக் கொடு, பல் பிழைக்கும்!

விஞ்ஞானத்தை நாம் மறுக்கவில்லை. வாயிலுள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது. அது பல்லை அரிக்கிறது. சாப்பிட்டபின் 20 நிமிடம் இந்தச் சூயிங்கத்தை மென்றால் உமிழ்நீர் பெருகி அமிலம் தணிகிறது. உண்மைதான்.

ஆனால் விற்பவன் யார்? இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பூமர் பபிள்கம் விற்றதும் ரிக்லி கம்பெனி. சர்க்கரையில்லா ஆர்பிட் விற்றதும் அதே கம்பெனி. 2008-ல் அந்தக் கம்பெனியைச் சுமார் 2,300 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர் யார்? ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் செய்யும் மார்ஸ் முதலாளிகள்! கிள்ளுவதிலும் லாபம், தொட்டில் ஆட்டுவதிலும் லாபம்.

இது இன்று நேற்றைய தந்திரமல்ல. சர்க்கரையே பல்லைக் கெடுக்கிறது என்பது அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் சங்கத்துக்கு 1950-லேயே தெரியும். சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொன்னார்களா? இல்லை! சொத்தைக்குத் தடுப்பூசி தேடும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். அவர்களுடைய பழைய தஸ்தாவேஜுகளே 2015-ல் இதை அம்பலப்படுத்தின.

நமது தருமபுரி மாவட்டத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல இடங்களில் மீறுகிறது. முளைக்கும் பல்லிலேயே பழுப்புக் கறை ஏறுகிறது. அதை எந்தச் சூயிங்கம் போக்கும்? அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் துவக்கப்பட்டது.

தாய்மார்களே! மிட்டாயைக் குறையுங்கள். இரவில் பல் துலக்க வையுங்கள்; சிறு பிள்ளைக்குப் பட்டாணியளவு பற்பசை போதும், அதையும் விழுங்க விடாதீர்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை: ஒவ்வொரு காலனிக்கும் குக்கிராமத்துக்கும் நாள் தவறாமல் ஒகேனக்கல் தண்ணீர்! ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுதோறும் பல் பரிசோதனை! ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் வைத்தியர்!

நம் பிள்ளைகளின் பல், முதலாளியின் சந்தைச் சரக்கல்ல. கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கிடைக்கும்வரை ஓயாதீர்கள்!