ஸ்கேன் செய்த போட்டோ ஏன் மங்கலாகிறது?

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், அந்த அழுகைக்கு நடுவிலும் யாராவது ஒருவர் பீரோவைத் திறந்து போட்டோ தேடியாக வேண்டும். பேனர் அடிக்கிறவர் வாசலில் காத்திருப்பார். கிடைக்கிற ஒரே நல்ல படம், 1985-ல் யாருடைய கல்யாணத்திலோ எடுத்ததாக இருக்கும். அதை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, அவசரமாக போனில் ஒரு க்ளிக். நெற்றியில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. கண் இருக்கும் இடத்தில் புகை போல ஏதோ ஒன்று. அந்தப் படம்தான் ஃபிரேமாகி, மாலை போட்டு, வருஷக்கணக்கில் கூடத்தில் தொங்கும்.

அந்த நாள் வருவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் ஒரு சின்ன சோதனை. பேப்பர் படிக்கத் தாத்தா வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் அசல் படத்தைப் பாருங்கள். புடவையின் ஜரிகை, கண் இமை, மூக்குத்தி எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் படம் நல்ல படம். மங்கல் வந்தது ஸ்கேன் செய்த விதத்தால். அசலிலேயே கலங்கலாக இருந்தால், கேமரா அன்றைக்கே ஆடியிருக்கிறது. அதற்கு எந்த ஸ்கேனரும் வைத்தியம் பார்க்க முடியாது.

சரி, நல்ல படம் ஏன் ஸ்கேனரில் மங்கலாகிறது? வீடுகளில் பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை ‘சி.ஐ.எஸ்.’ வகை. இவற்றில் சென்சார் கண்ணாடிக்கு அடியில், அதை ஒட்டியே நகரும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் அதற்குத் துல்லியமாகத் தெரியும். படத்தின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலே அந்த இடம் மங்கிவிடும். ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு வைப்பது, ஃபிரேமோடு வைப்பது, அட்டையில் ஒட்டியபடி வைப்பது எல்லாம் இதனால்தான் சரிவருவதில்லை. ‘சி.சி.டி.’ வகை ஸ்கேனர் கொஞ்சம் தடிமனாக இருக்கும். உள்ளே லென்ஸ் இருப்பதால் சில மில்லிமீட்டர் விலகலைச் சமாளிக்கும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய, கனமான ஸ்கேனர் இந்த வகையாக இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே, படம் தட்டையாக இருக்க வேண்டும். லேசாக வளைந்த படத்தை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது படத்தின் முதுகில் ஏழெட்டு வெள்ளைத் தாள்களை வைத்து மூடியை மூடினால், கண்ணாடியோடு படிந்து உட்காரும். சுருண்டு விறைத்துப்போன மிகப் பழைய படங்களை மட்டும் வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம்; மேல்பூச்சு வெடித்துவிடும். தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் பழைய போட்டோவைக் கொடுக்கவே கூடாது.

அடுத்த எதிரி தூசி, விரல் ரேகை. கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஸ்கேனர் மேல் நேராக அடிக்காதீர்கள். ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். மெல்லிய துணியில் லேசாகத் தெளித்துத் துடைத்து, காய்ந்த பிறகு படத்தை வையுங்கள். படத்தின் மேலுள்ள தூசியை மிருதுவான பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஈரத்துணி படவே கூடாது.

இப்போது எண் விஷயம். ‘டி.பி.ஐ. அதிகமாக வைத்தால் படம் தெளிவாகும்’ என்பது பாதி உண்மைதான். சாதாரண 4 x 6 அங்குல கலர் படத்தை 300-ல் ஸ்கேன் செய்தால் 1200 x 1800 புள்ளிகள். அதே அளவில் திரும்ப பிரிண்ட் போட இது போதும். பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றால் 600 வையுங்கள். 2400 x 3600 கிடைக்கும். கலர் லேப் பிரிண்ட்டில் அதற்கு மேல் போய் எடுப்பதற்குப் பெரும்பாலும் எதுவும் இருக்காது, ஃபைல்தான் வீங்கும். விதிவிலக்கு, குட்டிக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆக்ஃபா க்ளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களில் 120 ஃபிலிம் போட்டு எடுத்து, நெகட்டிவ் அளவிலேயே பிரிண்ட் போட்ட சதுரப் படங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அசாத்தியத் துல்லியம். இவற்றுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கும் 1200 வைப்பது வீண் இல்லை.

ஸ்கேனர் மென்பொருளில் ‘ஷார்ப்பன்’, ‘டஸ்ட் ரிமூவல்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது முகத்தின் ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுக்கும். இரண்டாவது தூசியோடு சேர்த்து மூக்குத்தியையும் மழுப்பிவிடும். திருத்தங்களைப் பிறகு நகலில் செய்துகொள்ளலாம். செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் ‘தெளிவாக்கும்’ ஆப்களிலும் எனக்கு உடன்பாடில்லை. மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து ஒரு கண்ணை வரைந்து வைக்கும். பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டியின் கண் இல்லை.

தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக, தேன்கூடு போல மேடுபள்ளம் உள்ள பழைய ஸ்டூடியோ பிரிண்ட்டுகள் தனித் தலைவலி. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிப்பதால், ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து முகமெல்லாம் புள்ளியாகிவிடும். இவற்றுக்குப் போன் கேமராவே மேல். ஒட்டும் பக்க ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படங்களுக்கும், ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களுக்கும் இதே வழிதான். பிய்த்து எடுக்க முயன்றால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும்.

போனில் எடுப்பதென்றால் ஜன்னல் பக்கம் போங்கள். நேர் வெயில் வேண்டாம், பரவலான வெளிச்சம் போதும். ஃப்ளாஷையும் அறை விளக்கையும் மின்விசிறியையும் அணையுங்கள். படத்தைத் தட்டையாக வைத்து, போனை அதற்கு இணையாகப் பிடியுங்கள். மிக அருகில் போனால் சில போன்கள் தானாகவே அகல லென்ஸுக்கு மாறி, ஓரங்களை மங்கலாக்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று 2x வையுங்கள். இரண்டு விநாடி டைமர் போட்டால் விரல் தட்டும் ஆட்டமும் இருக்காது. பளபளப்பான படமென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை அதில் பிரதிபலிக்கும். லென்ஸைத் துடைத்தீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள்.

ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிறவர்கள், ‘பி.டி.எஃப். வேண்டாம், 600 டி.பி.ஐ.-யில் படமாகவே கொடுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்கிறவர்கள் டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் ஒரு மூலப்பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 4 x 6 படம் 600-ல் டிஃப் ஆகச் சேமித்தால் 26 எம்.பி. வரும், பெண்டிரைவில் அதற்கு இடம் இல்லாமல் போகாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

படத்தைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ, மையில் எழுதிய ஒரு பெயரோ தேதியோ இருந்தால், அதையும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் சேமியுங்கள். எதுவும் இல்லை என்றால், வீட்டில் வயதானவர் எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து, படத்தைக் கையில் கொடுத்து, நிற்கிறவர்கள் யார் யார் என்று கேட்டு ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.