ஒன்றுமில்லாமல் ஆன பெயர்

'ஸ்வீட் ஃபேனி ஆடம்ஸ்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் 'அடியோடு ஒன்றுமில்லை' என்று பொருள். நாளெல்லாம் உழைத்தாயே, என்ன கிடைத்தது என்று கேட்டால் இந்தப் பெயர்தான் பதில். சுருக்கி 'ஸ்வீட் எஃப்.ஏ.' என்பதும் உண்டு. அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு கெட்ட வார்த்தையும் பதுங்கிக்கொள்ளும் என்பதால் நாலு பேர் முன்னால் சொல்ல வசதி. சில அகராதிகள் பொருளை மட்டும் சொல்லிவிட்டு, அது யார் பெயர் என்று சொல்லாமல் நகர்ந்துவிடுகின்றன.

ஃபேனி ஆடம்ஸ் எட்டு வயதுச் சிறுமி. ஊர், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஆல்டன். 1867 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை பிற்பகல், தங்கையோடும் தோழியோடும் விளையாடப் போனாள். வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா ஃபிரெடரிக் பேக்கர், பிள்ளைகளுக்குச் சில்லறைக் காசு கொடுத்தான். பிறகு இவளை மட்டும் தூக்கிக்கொண்டு ஹாப்ஸ் கொடித் தோட்டத்துப் பக்கம் போனான். உடலை ஊரார் துண்டு துண்டாகத்தான் பொறுக்கி எடுத்தார்கள். அவனுடைய நாட்குறிப்பில் அன்றைய கொலையும் அன்றைய வெயிலும் ஒரே மூச்சில் பதிவாகியிருந்தன. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வின்செஸ்டரில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க அவனைத் தூக்கிலிட்டார்கள்.

1869 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படையில் டின்னில் அடைத்த ஆட்டிறைச்சி வந்தது. அதன் லட்சணத்தைப் பார்த்த மாலுமிகள், உள்ளே இருப்பது ஃபேனி ஆடம்ஸ்தான் என்றார்கள். காலி டின்னைச் சாப்பாட்டுப் பாத்திரமாக வைத்துக்கொண்டபோது அதற்கும் 'ஃபேனி' என்றே பேர். கறியைச் சொன்ன பெயர் எதற்கும் உதவாததைச் சொல்லி, கடைசியில் ஒன்றுமே இல்லாததைச் சொல்லத் தொடங்கியது.

மாலுமிகளை வைய மனம் வரவில்லை. அந்தக் கறியை மாதக்கணக்கில் தின்கிறவனுக்கு ஏதாவது கேலி வேண்டியிருக்கும். நம்மிடமும் 'ஒரு எழவும் கிடைக்கவில்லை' உண்டு. ஆனால் அது யார் வீட்டு இழவு என்று சொல்வதில்லை. இங்கே கொன்றவன் பெயர் தப்பித்துக்கொண்டது, குழந்தையின் பெயர் மாட்டிக்கொண்டது. ஆல்டனில் ஊரார் பணம் திரட்டி அவளுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். மரபுத்தொடரைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலக் கதையில் இது வந்தால் 'ஒரு மண்ணும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போங்கள். பெயரை அப்படியே தமிழில் எழுதி, அதற்கு அடிக்குறிப்பு போட்டு அழகு பார்க்க வேண்டாம். இந்தப் பொருளோடு அவள் பெயர் இன்னொரு மொழிக்கும் வர வேண்டியதில்லை.